நாலாவது பல்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அந்தக் கேள்வி வந்துவிடும்.

‘இன்னிக்கு வண்டிக்கு இன்னா செஞ்ச?’

‘காஞ்சி ஞாயிறு வண்டி’ என்று ஒரு வாட்ஸ்அப் குழு. இருபத்து மூன்று பேர். எல்லாரிடமும் பழைய கார். எல்லாரும் அதைப் பெற்ற பிள்ளையைப் போலக் குளிப்பாட்டித் துவட்டுகிறவர்கள். கேள்விக்கு ஒரு வரி பதில், ஒரு படம். அதற்கு மேல் கூடாது. காலை வணக்கப் பூங்கொத்து அனுப்பியவரை ஒரு வாரம் வெளியே நிறுத்திவிடுவார்கள்.

‘ஏசி பில்டரில் எலிக் குடும்பம். குடி பெயர்த்தாச்சு.’

‘ஹார்ன் மாத்தினேன். மாமியார் ஒரு அடி எகிறினாங்க.’

‘ஒண்ணும் செய்யல. சும்மா பார்த்துக்கினு உக்காந்திருந்தேன்.’

சட்டம் எல்லாம் போட்டவள் கீர்த்தி. கேள்வியும் அவளுடையதுதான். போன ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்து படுத்தாள். ஐந்தாம் நாள் அவள் இல்லை. அதற்கு அடுத்த ஞாயிறு ஏழு மணிக்குக் கேள்வி வரவில்லை. ஏழேகாலுக்கு ஜெயப்ரியா அனுப்பினாள். அன்றிலிருந்து அவள்தான் அனுப்புகிறாள்.

கீர்த்தியின் கணவன் இளவரசன் எட்டு மாதமாகப் பதில் எழுதவில்லை. எல்லார் பதிலையும் படிப்பான். படித்துவிட்டு எழுந்து போய், ஓரிக்கை வீட்டு வாசலில் நிற்கும் ஜென் காரின் உறையைப் பாதி விலக்குவான். இடப்பக்கக் கதவைத் திறந்து, உள்ளே எட்டிச் சாய்ந்து, நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்த்துச் சாவியைத் திருப்புவான். பத்து நிமிடம் எஞ்சின் ஓடும். பிறகு அதே போலச் சாய்ந்து அணைப்பான். டிரைவர் பக்கக் கதவைத் திறக்க மாட்டான்.

வண்டி இரண்டாயிரமாம் ஆண்டு மாடல். கருநீலம். ஆர்.சி.யில் அவன் பெயர். ஓட்டியது அவள். அவன் துடைத்தான். வேலையும் அவனுக்கு அப்படித்தான் அமைந்திருந்தது. ஒரகடம் பக்கத்து கார் கம்பெனியில் பெயின்ட் பிரிவு. வெள்ளை விளக்குகளுக்கு அடியில் ஊர்ந்து வரும் புது வண்டிகளின் மேல் கையுறை போட்ட உள்ளங்கையை ஓட்டி, தூசி மாட்டிய இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கடுகில் பாதி இருந்தாலும் அவன் கை நின்றுவிடும்.

“லாரியில டிரைவர் ஒருத்தன், கிளீனர் ஒருத்தன். நம்ம வீட்டுல நீ கிளீனர்” என்பாள் கீர்த்தி. முச்சந்தி வந்தால் இடப்பக்கம் பார்க்க மாட்டாள். “கிளீனர், உங்க சைடு?” என்பாள். அவன் தலையை நீட்டிப் பார்த்து “ரைட் ரைட்” என்று சொன்ன பிறகுதான் கிளட்ச்சை விடுவாள்.

அவள் ஐந்தடிக்கும் குறைவு. அவன் ஆறடிக்கு இரண்டு அங்குலம் கம்மி. டிரைவர் சீட்டை ஸ்டியரிங்கோடு ஒட்டினாற்போல முன்னால் இழுத்துப் போட்டிருந்தாள். அவன் அதில் உட்கார வேண்டுமானால் சீட்டைப் பின்னால் தள்ளியாக வேண்டும். தள்ளினால் அவள் அளவு போய்விடும். சீட்டுக்கு அடியில் தண்டவாளம் போல இரண்டு இரும்புப் பட்டைகள். அதில் வரிசையாகப் பல். எத்தனாவது பல்லில் நிற்கிறது என்று குனிந்து எண்ணியிருக்கலாம். எண்ணினால், தள்ளத் தயாராகிவிட்டான் என்று ஆகிவிடும். அவன் எண்ணவில்லை. இதை யாரிடமும் சொல்லவும் இல்லை. ஒரு சீட்டை நகர்த்த முடியவில்லை என்று எந்த வாயால் சொல்வது?

இப்போது ஆனி பிறந்துவிட்டது. புதன்கிழமையோடு ஆர்.சி. முடிகிறது. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வண்டியைக் கொண்டுவந்து காட்டச் சொல்லி ஆர்.டி.ஓ. ஆபீசில் நேரம் கொடுத்திருந்தார்கள். தவறினால் அபராதம் கட்டிவிட்டு மறுபடியும் போகலாம். ஆனால் இந்த முறை தவறினால் மறுபடி போகப்போவதில்லை என்று அவனுக்குத் தெரியும். மாகறலிலிருந்து அம்மா பொன்னியம்மாள் வாரத்துக்கு ஒருமுறை போன் செய்கிறாள். வாலாஜாபாத்தில் பழைய இரும்புக்காரர் ஒருவர் அவளுக்குத் தெரிந்தவர். “ஓட்டாத வண்டி எதுக்குப்பா வாசல்ல? பாக்கப் பாக்க உனக்குத்தான் மனசு ஆறாது” என்கிறாள். வண்டி ரோட்டில் போகும் வண்டியாக இருந்தால்தான் அந்தப் பேச்சு நிற்கும்.

அந்த ஞாயிறு ஏழு மணிக் கேள்விக்குப் பின்னாலேயே ஜெயப்ரியாவும் வந்து நின்றாள். ஆம்னி வேன். வெள்ளை வேன்தான், ஆனால் கைப்பிடி நாலிலும் அரக்கு, மயில் கழுத்து, மாம்பழ மஞ்சள் என்று விரல் ரேகை. பிள்ளையார்பாளையத்தில் அவளும் அவள் கணவரும் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறார்கள். எதைப் போட்டுத் தேய்த்தாலும் அந்தக் கைப்பிடி மட்டும் போவதில்லை. குழுவில் பத்து வருஷத்துக்குப் போதுமான கிண்டல் அது.

“தம்பி, செவ்வாக்கெழமதானே பாஸிங்? எனக்கு தேதி ஞாபகம் இருக்குது. கீர்த்தி போன வருசமே குரூப்புல போட்டு வெச்சிருந்தா” என்றபடி பின்கதவைத் தூக்கினாள். இரண்டு பெரிய கேன். “ஒண்ணுல பூந்திக்கொட்டத் தண்ணி. ஒண்ணுல நல்ல தண்ணி. உங்க போர் தண்ணிய ஊத்தி வெள்ள வெள்ளயா புள்ளி வாங்காத.”

பட்டு நூலை அலசுகிற பூந்திக்கொட்டை கார் பெயின்ட்டுக்கும் ஆகும் என்று கண்டுபிடித்தவள் ஜெயப்ரியா. கடைச் சாமான் எதுவும் அதன் கிட்டே வராது என்று குழுவில் பாதிப் பேர் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வார்கள். மீதிப் பேர் அவளுக்குத் தெரியாமல் கடைச் சாமான் வாங்கிப் போவார்கள்.

இளவரசன் உறையை முழுதாக உருவினான். பானட்டில் பூனைக் கால் தடம். கண்ணாடி ஓரத்தில் வேப்பம்பூச் சருகு. ஒரு வாளி பூந்திக்கொட்டைத் தண்ணீருக்கு, ஒரு வாளி துணியை அலச. மேலிருந்து கீழே. ஒரே திசையில். கை தானாகவே ஞாபகம் வைத்திருந்தது.

பாதிக் கழுவலில் குழுவின் நெசவுக்காரன் தேவேந்திரன் வந்தான். மாருதி எண்ணூறு. இறங்கினான் என்பதை விட, வெறுங்காலோடு வெளியே குதித்தான் என்று சொல்ல வேண்டும். செருப்பு, கதவுக்குப் பக்கத்தில் தொங்கும் பையில். தறிக்குழியில் இறங்குகிறவன் செருப்போடு இறங்குவானா, அப்படித்தான் காரும் என்பது அவன் கட்சி.

“இன்னா மச்சி, தண்ணி ரோட்டுக்கு வருது, நான் கண்ணீரோன்னு நெனச்சேன்” என்றான். ஜெயப்ரியா அவனை முறைத்தாள். அவன் வாயைப் பொத்திக்கொண்டு துணியை எடுத்தான். வலப்பக்கத்தைத் துடைக்க ஆரம்பித்தான்.

“யாரு ஓட்டிக்கினு போறது செவ்வாக்கெழம?” என்று ஜெயப்ரியா கேட்டாள்.

இளவரசன் சக்கரத்தின் பக்கம் குனிந்துகொண்டான்.

“நான் ஓட்டறதில்லக்கா.”

“லைசென்ஸு இருக்குது இல்ல?”

“இருக்குது.”

அவள் கேனின் மூடியைத் திருகினாள். “நான் ஓட்டிக்கினு வரேன். பத்து மணிக்குத்தானே? ஒம்போதுக்கு வந்துடறேன்.”

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். குள்ளமான பெண். கீர்த்தியின் தோளுக்கு இவள் தோள் சரியாக இருக்கும். சீட்டைத் தொட வேண்டியதில்லை. எட்டு மாதத்தில் முதல் தடவையாக நெஞ்சுக்குள் ஏதோ ஒரு நட் தளர்ந்தது.

“சரிக்கா. தேங்க்ஸ்” என்றான்.

“வெளிய ஆச்சு. உள்ள?” என்றான் தேவேந்திரன், கண்ணாடியில் மூக்கை வைத்து உள்ளே பார்த்துக்கொண்டே. “எட்டு மாசம் மூடி வெச்சிருக்க மச்சி. தொறந்தா நாறும். நாளிக்கி அமாவாச. தறி லீவு. சாவியக் குடு, நான் பாத்துக்கறேன்.”

நாளைக்கு இளவரசனுக்கு முதல் ஷிப்ட். அதிகாலையில் கம்பெனி பஸ் ஏறினால் திரும்ப மூன்றரை. அவன் சாவியைக் கொடுத்தான்.

“உள்ள லேசா தொடச்சிடு, போதும்.”

தப்பு அங்கேதான் நடந்தது. ‘லேசா’ என்ற சொல்லை மற்றவர்களிடம் சொல்லலாம். ஞாயிறு வண்டிக்காரனிடம் சொல்லக்கூடாது. ஆறு வருஷம் இந்தக் குழுவில் இருந்துவிட்டு இளவரசனுக்கு அது தெரியாமலா இருக்கும்? தெரியும். ஆனால் ‘சீட்டைத் தொடாதே’ என்று சொன்னால் ‘ஏன்’ என்று ஒரு கேள்வி வரும். அதற்குப் பயந்து விட்டுவிட்டான்.

திங்கட்கிழமை பஸ்ஸிலிருந்து இறங்கித் தெருவுக்குள் திரும்பும்போதே அது கண்ணில் பட்டது. வாசலில் கோணி விரித்து, அதன் மேல் கால் நாலையும் தூக்கிக்கொண்டு, வெயிலில் கவிழ்ந்து கிடந்தது டிரைவர் சீட்.

பக்கத்தில் அவன் சீட். பக்கத்தில் மிதியடிகள். கொடியில் தரை விரிப்பு தண்ணீர் சொட்டச் சொட்டத் தொங்கியது. திறந்த கதவு வழியே காரின் தரை வெறும் தகரமாகத் தெரிந்தது. நடுவில் தேவேந்திரன், பனியனோடு, வியர்வையோடு, முகம் முழுக்கச் சந்தோஷம்.

“வா மச்சி! அந்த பதினாலாம் நம்பர் போல்ட்டு நாலும் துரு புடிச்சி இறுகிப்போச்சு, எண்ண வுட்டு வுட்டுத்தான் கழட்டினேன். பாரு, புது வண்டி கெட்டது. கம்பெனியில கூட இப்படி வராது. நீயே கைய வெச்சிப் பாரேன்.”

இளவரசன் கையை வைக்கவில்லை.

“சீட்ட எதுக்குடா கழட்டின?”

“கழட்டாம எப்படி? அடியில எவ்ளோ மண்ணு தெரியுமா?”

“கழட்டும்போது எங்க இருந்துச்சு?”

“எங்கன்னா? வண்டியிலதான்.”

“எத்தனாவது பல்லுல இருந்துச்சுடா?”

தேவேந்திரனுக்கு விளங்கவில்லை. “அத்தப் பாக்கலியே மச்சி. முன்ன இருக்கிற போல்ட்ட கழட்ட பின்ன தள்ளுவோம், பின்ன இருக்கறத கழட்ட முன்ன தள்ளுவோம். அவ்ளோதான். இன்னா இப்ப?”

“உன்ன யாரு தொடச் சொன்னா?”

“நீதான்டா.”

அது உண்மை. உண்மையாக இருந்ததால் இளவரசன் கையில் வைத்திருந்த சாப்பாட்டு டப்பாவை ஓங்கித் தரையில் அடித்தான். மூடி உருண்டு போய் சாக்கடையோரம் விழுந்தது. பிறகு உள்ளே போய், சமையலறையில் கேஸ் சிலிண்டர் மேல் உட்கார்ந்தான்.

கொஞ்ச நேரம் கழித்து ஆம்னி வந்து நிற்கும் ஓசை. ஜெயப்ரியாவின் குரல். தேவேந்திரனின் குரல், தாழ்ந்து. பிறகு ஜெயப்ரியா சமையலறை வாசற்படியில் நின்றாள். நகக்கண்ணில் எல்லாம் ஊதா.

“இன்னாபா ஆச்சு? அவன் அழுவற மாதிரி நிக்கறான். தெருவுல போற நாயெல்லாம் நின்னு பாக்குது.”

அவன் சொல்லிவிட்டான். ஏன் வாய் திறந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. முழங்காலைப் பார்த்துக்கொண்டு சொன்னான். சீட், பல், அவள் உயரம், இடப்பக்கக் கதவு. மொத்தம் ஆறேழு வாக்கியம். சொல்லி முடித்தபோது, எட்டு மாதம் தூக்கிக்கொண்டு திரிந்தது இவ்வளவு சிறிய பேச்சா என்று இருந்தது.

ஆறுதல் சொல்கிற ஆள் இல்லை ஜெயப்ரியா. வாசல் பக்கம் திரும்பிக் கத்தினாள்.

“ஏய் தேவா! மொத போட்டோ எடுத்தியா?”

“எது?”

“கைய வெக்கறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்தியான்னு கேக்கறேன்!”

“எடுக்காம? நான் இன்னா புது ஆளா?”

சட்டம் மூன்று: துடைப்பதற்கு முன்னால் படம் எடுக்காதவன், துடைத்த பிறகு படம் போடக்கூடாது. கீர்த்தி போட்ட சட்டம். ‘அழுக்கக் காட்டாம சுத்தத்தக் காட்டினா எவன் நம்புவான்?’ என்பாள். தேவேந்திரன் சட்டத்தை அச்சுப் பிசகாமல் காப்பவன். ஒரு வண்டிக்கு நாற்பது படம்.

மூன்று பேரும் கோணியின் ஓரம் குந்தி உட்கார்ந்தார்கள். தேவேந்திரன் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினான். டேஷ்போர்டு. கூரை. கதவுப் பை. பின் சீட்டில் இருந்து, மண்ணைக் காட்டுவதற்காகக் கீழே குனிந்து எடுத்த ஒரு படம்.

“நில்லு” என்றான் இளவரசன்.

முன்னால் இழுத்திருந்த சீட்டுக்குப் பின்னால் இரும்புப் பட்டை வெறுமையாக நீண்டிருந்தது. காலியான பற்கள் வரிசையாகத் தெரிந்தன. தேவேந்திரன் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினான். நெசவுக்காரன், எண்ணுவதற்கு அவனுக்குச் சொல்லித்தர வேண்டாம்.

“ஒண்ணு, ரெண்டு, மூணு… ஏழு. ஏழு பல்லு காலி.”

“மொத்தம் எத்தன?” என்றாள் ஜெயப்ரியா.

இளவரசன் கவிழ்ந்து கிடந்த சீட்டின் பட்டையில் விரல் வைத்து எண்ணினான். எண்ணினான். பன்னிரண்டு.

“பன்னண்டுல ஏழு போனா அஞ்சு. அஞ்சாவது பல்லு” என்றாள்.

“இருங்கக்கா” என்றான் தேவேந்திரன். “காலியில நாலாவதுக்கும் அஞ்சாவதுக்கும் நடுவுல எடவெளி அதிகமா இருக்குது. தோ இங்க ஏதோ மூடிக்கினு இருக்குது. அதுக்கு அடியில ஒரு பல்லு இருக்கணும். அப்பிடின்னா எட்டு காலி.”

அந்த இடத்தில் பழுப்பாக ஏதோ ஒன்று பட்டையின் மேல் ஒட்டியிருந்தது. சுருண்டு, காய்ந்து, ஓரம் கிழிந்து.

“இது இன்னாது, தோலா?” என்றாள் ஜெயப்ரியா.

“எலயாட்டம் இருந்துச்சு. தூசி உறிஞ்சற வாக்கும்ல போயிடுச்சி” என்றான் தேவேந்திரன்.

இளவரசன் போனை வாங்கிக் கிட்டே வைத்துப் பார்த்தான். மந்தாரை இலை. கோயில் இட்லியை வேகவைத்து எடுக்கும்போது அடியில் ஒட்டிக்கொண்டு வரும், அதே இலை.

வண்டிக்குள் சாப்பிடக்கூடாது. அது சட்டத்தில் சேராத, அவனுடைய ஒரே ஒரு நிபந்தனை. மிளகும் நெய்யும் சீட்டுத் துணியில் பட்டால் ஏழு பிறப்புக்கும் போகாது என்று அவளிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பான்! “நானா? வண்டியிலயா? சத்தியமா இல்ல” என்று தலையில் கை வைத்துச் சொல்வாள். கோயில் பக்கம் தனியாகப் போய் வந்த நாளில் எல்லாம் வண்டிக்குள் சுக்கு வாசனை வரும். “வெளிய நின்னு சாப்பிட்டேம்பா. மூச்சுல அடிக்குது” என்பாள்.

“திருடி” என்றான் இளவரசன்.

“யாரு?”

“உள்ள உக்காந்து துன்னுருக்காக்கா. எலையக் கீழ தள்ளிட்டுப் போயிருக்கா.”

சொல்லும்போதே அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தும்மல் போல, அனுமதி கேட்காமல் வந்தது. தேவேந்திரன் திகைத்துப் பார்த்தான். பிறகு அவனும் சிரித்தான், எதற்கென்று சரியாகத் தெரியாமல். ஜெயப்ரியா ஊதா விரலால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கன்னத்தில் ஒரு கோடு விழுந்தது. யாரும் அவளிடம் அதைச் சொல்லவில்லை.

சாயங்காலத்துக்குள் சீட் காய்ந்துவிட்டது. மூன்று பேருமாகத் தூக்கி உள்ளே வைத்தார்கள். போல்ட்டுகளை இளவரசனே முடுக்கினான். நாலாவது பல்லுக்கு இழுத்து நிறுத்தினான். சரிதானா என்று பார்க்க ஜெயப்ரியாவை உட்காரச் சொன்னார்கள். அவள் உட்கார்ந்து கிளட்ச்சை முழுதாக மிதித்தாள்.

“அஞ்சுக்குத் தள்ளு பாக்கலாம்… உஹும், எட்டல. நாலுதான். அவளும் நானும் ஒரே சைசு. ரவிக்க மாத்திப் போடுவோம்.”

உட்பக்கக் கண்ணாடி மட்டும் பழைய கோணத்துக்குத் திரும்பவில்லை. கறை துடைக்கும்போது தேவேந்திரன் அதைத் திருப்பிவிட்டிருந்தான். அதற்குப் பல் கிடையாது, எண்ணிக்கை கிடையாது. எந்தப் படத்திலும் அதன் கோணம் சரியாக விழவில்லை. தேவேந்திரன் அதைப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தான்.

“வுடுடா. அது போகட்டும்” என்றான் இளவரசன்.

தேவேந்திரன் கிளம்பும்போது, சாக்கடையோரம் கிடந்த டப்பா மூடியை எடுத்து, கழுவி, துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தான்.

“கீறல் வுழுந்திருக்குது மச்சி. பாலிஷ் போட்டா போயிடும்.”

“போடா.”

“மன்னிச்சிக்கடா.”

“நான்தான்டா சொல்லியிருக்கணும்.”

செவ்வாய்க்கிழமை ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஜெயப்ரியா வந்தாள். இளவரசன் குளித்து, சட்டை மாற்றி, டிரைவர் பக்கக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தான். அவள் சாவிக்குக் கை நீட்டினாள். அவன் கொடுக்கவில்லை.

“அக்கா, நீங்க அந்தப் பக்கம் உக்காருங்க.”

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். சுற்றிக்கொண்டு போய் இடப்பக்கம் ஏறினாள்.

அவன் குனிந்து சீட்டுக்கு அடியில் கம்பியைத் தூக்கினான். தள்ளினான். டக். ஐந்து. எண்ணெய் விட்டிருந்ததால் சத்தம் சுத்தமாகக் கேட்டது. டக். ஆறு. டக், டக். அவன் அவசரப்படவில்லை. டக். ஒன்பது.

நாலிலிருந்து ஒன்பது. ஐந்து பல். ஒன்பதிலிருந்து நாலுக்கும் அதே ஐந்துதான். எப்போது வேண்டுமானாலும் போகலாம். வழி தெரிந்த ஊர் அது.

உட்கார்ந்தான். முழங்கால் இடிக்கவில்லை. கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பினான். அதில் தெருவும், தெருக்கோடியில் மாடும், தேவேந்திரனின் எண்ணூறும் தெரிந்தன. வழியனுப்ப வந்து, கிட்டே வர வெட்கப்பட்டு அங்கேயே நிற்கிறான்.

முதல் கியர். வண்டி குலுங்கி நின்றது. மறுபடியும். இந்த முறை நகர்ந்தது.

“பிரேக்க ஏன்பா கரப்பான் பூச்சிய மிதிக்கிற மாதிரி மிதிக்கிற?” என்றாள் ஜெயப்ரியா. “மெல்ல. முட்ட இருக்குதுன்னு நெனச்சிக்க.”

“சும்மா வாங்கக்கா.”

“நான் சும்மாதான் வரேன். வண்டிதான் சும்மா வர மாட்டேங்குது.”

தெருமுனை வந்தது. வலப்பக்கம் ஒரு கல்லூரி பஸ். அது போகட்டும் என்று நின்றான். இடப்பக்கம் திரும்பிப் பார்க்கப் போனவன், பார்க்கவில்லை.

“கிளீனர்” என்றான். “உங்க சைடு?”

ஜெயப்ரியா தலையை ஜன்னலுக்கு வெளியே நன்றாக நீட்டி, இடது கையால் கதவை இரண்டு தட்டுத் தட்டினாள்.

“ரைட்! ரைட் ரைட்! போ!”

ஆர்.டி.ஓ. ஆபீசில் இன்ஸ்பெக்டர் வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். விளக்கு, ஹார்ன், இண்டிகேட்டர். பானட்டைத் தூக்கச் சொல்லி, தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துச் சேஸிஸ் நம்பரைப் பதிவெடுத்தார். பிறகு கதவைத் திறந்து தரையைப் பார்த்தார்.

“இருவத்தஞ்சு வருச வண்டியா இது? யாருபா தொடச்சது?”

“ஃப்ரெண்டு, சார்.”

“என் வண்டிக்கு அனுப்பேன் அவர” என்றார். “சரி, ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டு.”

இளவரசன் ஓட்டிக் காட்டினான். நடுவில் ஒரு தடவை அணைந்தது. மறுபடி எடுத்தான். மரத்தடியில் நின்றிருந்த ஜெயப்ரியா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு விரல் சந்து வழியாகப் பார்த்தாள். இன்ஸ்பெக்டர் தாளில் கையெழுத்துப் போட்டார். ஆர்.சி.க்கு இன்னும் ஐந்து வருஷம்.

அன்று இரவு அம்மாவுக்கு அவனே போன் செய்தான். “அந்த இரும்புக்காரர வர வேணாம்னு சொல்லிடும்மா. ஞாயித்துக்கெழம மத்தியானம் நான் வரேன். வண்டியிலதான்” என்றான். “கொழம்பு இன்னா வெக்கட்டும்?” என்றாள் பொன்னியம்மாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. மூன்று ஆறு சேரும் திருமுக்கூடலில் மணல் ஓரமாக வண்டியை நிறுத்தியிருந்தான். ஆறு மூன்றிலும் சேர்த்து ஒரு வாய்க்கால் அளவுக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அது போதும் என்பது போலக் கொக்கு இரண்டு நின்றன. வரும் வழியில் கோயில் இட்லி வாங்கியிருந்தான். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, மடியில் பொட்டலத்தை விரித்து வைத்திருந்தான்.

ஏழு மணிக்குக் கேள்வி வந்தது.

‘இன்னிக்கு வண்டிக்கு இன்னா செஞ்ச?’

அவன் மடியைப் படம் எடுத்தான். இட்லி, இலை, பின்னால் ஸ்டியரிங். ஒரு வரி எழுதினான்.

‘உள்ள உக்காந்து கோயில் இட்லி சாப்பிட்டேன்.’

அவ்வளவுதான். போன் துள்ளத் தொடங்கியது. எட்டு மாதம் பேசாதவன் பேசிவிட்டான் என்று யாரும் எழுதவில்லை. அதையெல்லாம் யார் கவனித்தார்கள்?

‘வண்டிக்குள்ளயா???’

‘நெய் தம்பி நெய்! சீட்டு துணி!!’

‘டிஷ்யூவாவது கீழ போட்டியா?’

‘அட்மின், இவரை ஒரு வாரம் வெளியே நிறுத்தவும்.’

கடைசியாகத் தேவேந்திரன்: ‘மச்சி எங்க இருக்க? வாக்கும் எடுத்துக்கினு வரட்டா?’

ஒரு வரிக்கு மேல் கூடாது என்பது சட்டம். இளவரசன் இரண்டாவது வரியை எழுதினான்.

‘வேணாம். இருக்கட்டும்.’

இலையின் ஓரத்தில் ஒட்டியிருந்ததைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டான். மிளகு ஒன்று உருண்டு சீட்டுக்கும் கதவுக்கும் நடுவே விழுந்தது. அவன் குனிந்து தேடவில்லை. கையைத் துடைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினான்.